விலை போடாத சீட்டும் கொள்ளுத்தாத்தா பேரில் பட்டாவும்

லவ்டேல், கேத்தி, எல்லநள்ளி சுற்றுவட்டாரச் சிறு தேயிலை விவசாயிகளுக்கு,



2023 செப்டம்பரில் பசுந்தேயிலைக்குக் கிலோ 33 ரூபாய் 50 காசு கேட்டு நீங்கள் உண்ணாவிரதப் பந்தலில் உட்கார்ந்தீர்கள். ஹட்டி ஹட்டியாக, ஊர் ஊராக, ஆட்கள் வந்தார்கள். கேட்ட விலையில் எனக்கு மறுப்பில்லை. உரம், மருந்து, பறிகூலி, கவாத்துக் கூலி என்று கூட்டிப் பார்க்கிற யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பந்தலில் அதிகம் பேசப்படாத இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று, கொழுந்தை எடை போட்டு வாங்கிப் போகும் ஏஜெண்ட் கொடுக்கும் சீட்டு. இன்னொன்று உங்கள் வீட்டு பீரோவில் இருக்கும் பட்டா. இந்த இரண்டும் இப்போது இருக்கிற மாதிரியே இருந்தால், நாளைக்கு அரசாங்கமே 40 ரூபாய் என்று அறிவித்தாலும் அது உங்கள் கைக்கு முழுதாக வந்து சேராது. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஊட்டியில் பத்திரம் எழுதியே காலம் கழித்தவன் நான். சமவெளியிலிருந்து வந்து லவ்டேல் ஸ்டேஷனுக்கு மேலே குடியேறியவன். உங்களில் பல வீடுகளின் கிரயப் பத்திரமும் விடுதலைப் பத்திரமும் நான் எழுதியவை. அந்த உரிமையில் கொஞ்சம் கடிந்தும் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சீட்டு. பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்தில் ரோஸ் நிறத் தாள். மேலே வண்டி எண். தேதி. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இனிஷியலும் ஊர்ப் பெயரும். மொத்தம் 46, கழிவு 5, நிகரம் 41. கீழே ஒரு கிறுக்கல். மழை நாள், அதனால் ஐந்து கிலோ ஈரத்துக்குப் போயிற்றாம். வெயில் அடித்த நாளின் சீட்டும் அவரிடம் இருந்தது. அதிலும் மூன்று கிலோ கழிவு. அது எதற்கென்று அக்காவுக்கும் தெரியவில்லை, எடை போட்ட பையனுக்கும் தெரியவில்லை. கொழுந்து எந்தத் தொழிற்சாலைக்குப் போகிறது என்று எழுதவில்லை. விலை என்று ஒரு கட்டம்கூட அச்சடிக்கப்படவில்லை.

அந்த 41 கிலோவை அன்று சாயங்காலமே தொழிற்சாலையில் வாடப் போடுகிறார்கள். மறுநாளைக்குள் அது சி.டி.சி. உருளைகளில் நசுங்கி, புளித்து, காய்ந்து தூளாகிவிடும். தூள் குன்னூர் ஏலத்துக்குப் போக இன்னும் சில வாரம். அக்காவுக்குப் பணம் அடுத்த மாதம். கிலோவுக்கு எவ்வளவு என்பது பணம் வரும்போதுதான் தெரியும். பாலாடாவிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் அனுப்புகிறவருக்கு விலை கட்டாமல் போகலாம். ஆனால் என்ன விலை என்பது அன்றே தெரிந்துவிடும், பிடிக்காவிட்டால் அடுத்த லோடை வேறு மண்டிக்குத் திருப்பலாம். தேயிலைக்காரருக்கு அந்தச் சின்னச் சுதந்திரமும் இல்லை.

இதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது தெரியுமா? வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான் என்கிறது 1872ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டம். விலை பேசாமல் சரக்கு கைமாறினால் வாங்கியவர் நியாயமான விலையைக் கொடுத்தாக வேண்டும் என்கிறது 1930ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், 9ஆம் பிரிவு. ஆக உங்களுக்கு உரிமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. உரிமையை எதைக் காட்டி நிரூபிப்பது என்பதில்தான் சிக்கல். இனிஷியலும் கிறுக்கலும் உள்ள தாளை நீதிமன்றத்தில் நீட்டினால் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வியிலேயே அது செத்துவிடும்.

சரி, நிரூபித்தாலும் எத்தனை காலம்? உலக வங்கி நாடு நாடாகத் தொழில் நடத்தும் வசதியைக் கணக்கிட்டு ஓர் அறிக்கை போட்டுவந்தது. 2020ஆம் வருடத்து அறிக்கையில், ஒரு வணிக வழக்கு போட்டுப் பணம் கைக்கு வர இந்தியாவில் 1,445 நாள் ஆகிறது என்றும், ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தருவதில் 190 நாடுகளில் நமக்கு 163ஆவது இடம் என்றும் இருந்தது. அந்த அறிக்கையின் வேறு சில கணக்குகளில் முறைகேடு நடந்ததென்று 2021இல் உலக வங்கியே அதை நிறுத்திவிட்டது. அதனால் தரவரிசையை நான் பெரிதாக நம்பவில்லை. ஆனால் சிவில் வழக்கு நாலு வருடம் இழுக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள நமக்கு வாஷிங்டனிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை, ஊட்டிக் கோர்ட் வாசல் டீக்கடையில் அரைமணி நேரம் நின்றால் போதும். மாதம் நாலாயிரம் ரூபாய் பாக்கிக்கு எந்த விவசாயி நாலு வருடம் நடப்பார்?

இதே தொழிற்சாலைக்கு இன்னொருவரும் சரக்குக் கொடுக்கிறார்: தேயிலைத் தூளுக்குப் பை தைத்துக் கொடுக்கிற சிறு கம்பெனிக்காரர். அவர் குறு, சிறு தொழிலாகப் பதிவு செய்திருந்தால் 2006ஆம் வருடத்துச் சட்டப்படி அவருக்கு 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. பேசித் தீர்க்கத் தனி மன்றமும் உண்டு. பைக்குள் போகிற தேயிலையைக் கொடுத்த உங்களுக்கு அந்தப் பதிவு கிடையாது, பயிர்த்தொழில் அதில் சேராது. ஒரே வாசலில் நுழையும் இரண்டு பேரில் பைக்காரருக்கு நாள் கணக்கு, கொழுந்துக்காரருக்கு ‘அடுத்த மாசம் பார்க்கலாம்’. இது யாருடைய சதியும் இல்லை. சிறு தொழில்காரர்கள் கூட்டாகக் கேட்டு வாங்கினார்கள், அவ்வளவுதான்.

நமக்கென்று எதுவும் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2003ஆம் வருடத்துத் தேயிலைச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது. அதன்படி தேயிலை வாரியம் விலைப் பங்கீட்டு முறை ஒன்றை வகுத்தது. முதலில் நூறுக்கு 60 விவசாயிக்கு, 40 தொழிற்சாலைக்கு என்று இருந்தது, பிறகு 65-35 ஆயிற்று. மாதாமாதம் குறைந்தபட்ச விலையை அறிவிக்கிறார்கள். கண்காணிக்கக் கலெக்டர் தலைமையில் குழுவும் உண்டு.

இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். தூள் கிலோ 100 ரூபாய்க்கு ஏலம் போனதாக வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு 65. நாலு கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் கிடைத்தால், கொழுந்து கிலோவுக்கு 16 ரூபாய் 25 காசு. அதே தொழிற்சாலை ‘இந்த மாசம் இலை முற்றல், நாலரை கிலோ போட்டால்தான் ஒரு கிலோ தூள் வருது’ என்றால் உங்கள் விலை 14 ரூபாய் 44 காசுக்கு இறங்கிவிடும். ஏலவிலை மாறவில்லை, பங்கீடும் மாறவில்லை, எத்தனை கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்று நடுவில் இருக்கிற அவுட்டர்ன் கணக்கு ஒன்றுதான் மாறியது. அதை நீங்கள் பார்த்ததுண்டா? பார்க்கும் உரிமை உண்டு என்று எந்தச் சீட்டிலாவது எழுதியிருக்கிறதா? கிலோவுக்கு ஒன்றே முக்கால் ரூபாய்க்கு மேல் அந்த இருட்டு அறைக்குள் இருக்கிறது.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொன்றும் தெரியும். சூத்திரப்படி 33.50 கிடைக்க வேண்டுமானால் தூள் ஏலத்தில் சராசரி 206 ரூபாய்க்குப் போக வேண்டும். குன்னூரில் நம் சி.டி.சி. தூள் அதற்கு எவ்வளவு கீழே விற்கிறது என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே 33.50 என்பது தொழிற்சாலையிடம் கேட்கிற கோரிக்கை ஆகாது. அரசாங்கம் இடைவெளியைக் கொடுத்தால்தான் நடக்கும். அது கிடைக்கலாம், தேர்தலுக்குத் தேர்தல் தள்ளியும் போகலாம். அவுட்டர்ன் கணக்கும் கழிவுக் கணக்கும் வெளிச்சத்துக்கு வருவதற்கு பட்ஜெட்டில் நிதி ஒதுக்க வேண்டியதில்லை.

இலங்கையில் இதே பிரச்சினையை எப்படிக் கையாள்கிறார்கள் என்றால், அங்கே இதைக் கவனிக்கத் தேயிலை ஆணையர் என்று ஓர் அதிகாரி. கொழுந்து கொடுப்பவருக்கு 68, தொழிற்சாலைக்கு 32 என்பது அங்குள்ள பங்கீடு. கென்யாவில் இன்னும் ஒரு படி மேலே. கே.டி.டி.ஏ. என்ற அமைப்பு 1964இல் அரசு நிறுவனமாகத் தொடங்கி 2000இல் தனியாரானது, ஆனால் தொழிற்சாலைகளின் பங்குகள் சிறு விவசாயிகள் கையில். கொழுந்துக்கு மாதாமாதம் ஒரு தொகை, வருட முடிவில் தூள் விற்ற லாபத்திலிருந்து இரண்டாவது தொகை. அங்கே சண்டையே இல்லையா? உண்டு. இயக்குநர்கள் மேல் புகார், இரண்டாவது தொகை குறைந்தால் ரகளை எல்லாம் உண்டு. ஆனால் விவசாயி முதலாளி என்ற இடத்தில் நின்று சண்டை போடுகிறார்.

‘அதுதான் நமக்கு இண்ட்கோ இருக்கிறதே’ என்பீர்கள். இருக்கிறது. கட்டபெட்டு, கரும்பாலம், இத்தலார் என்று மலை முழுக்கக் கூட்டுறவுத் தொழிற்சாலைகள். அவற்றின் அங்கத்தினர் நீங்கள். விலை ஏறுகிற மாதத்தில் தனியார் ஏஜெண்ட் ஐம்பது காசு கூடக் கொடுத்தால் கொழுந்து அங்கே போகிறது. வரத்து குவிந்து தனியார் ‘இன்னைக்கு எடை இல்லை’ என்று கதவைச் சாத்தும் மாதத்தில் கூட்டுறவு வாசலில் வரிசை. நல்ல இலை அங்கே, முற்றல் இங்கே. அப்புறம் ‘கூட்டுறவில் விலை கம்மி’ என்றால் எப்படி? ஒப்பந்தம் என்பது இரண்டு கைகளையும் கட்டும். தொழிற்சாலைக்காரர்கள் எழுதித் தர மறுப்பதற்குச் சொல்லும் காரணம் இதுதான்: ‘நாங்க எழுதிக் கொடுத்தாலும் இவங்க அடுத்த வாரம் வேற வண்டிக்குப் போட்டுடுவாங்க.’ அதில் பாதி சாக்கு, பாதி உண்மை.

இப்போது நீங்கள் கேட்கலாம்: சீட்டில் விலையே போடாத ஏஜெண்டுக்கு எதற்குக் கொழுந்து போடுகிறோம்? கொழுந்து காத்திருக்காது என்பது ஒரு காரணம். பறித்த இலை அன்றைக்கே போக வேண்டும். இன்னொரு காரணம்தான் கனமானது. அந்த ஏஜெண்டிடம் நீங்கள் முன்பணம் வாங்கியிருக்கிறீர்கள். பையனின் காலேஜ் ஃபீஸ், அம்மாவின் ஆபரேஷன், உர மூட்டை. முன்பணம் தீரும் வரை வேறு வண்டிக்குப் போட முடியாது. கேள்வி கேட்கவும் முடியாது. ஏஜெண்டைத் திட்டிப் பயனில்லை. ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டினால் பணம் கொடுக்கிற ஆள் அவர் ஒருவர்தான். பேங்க்காரர் கொடுக்க மாட்டார். ஏன் கொடுக்க மாட்டார் என்பதற்கு விடை, நான் சொன்ன இரண்டாவது தாளில் இருக்கிறது.

கேத்திப் பள்ளத்தாக்கின் ஒரு ஹட்டியைச் சேர்ந்த தம்பி ஒருவர் பட்டா விவரம் உள்ள சிட்டாவின் நகலை எடுத்துவந்தார். இ-சேவையில் எடுத்தது. புல எண், உட்பிரிவு, புன்செய், 0 ஹெக்டேர் 72.50 ஏர். நம் கணக்கில் ஒரு ஏக்கர் எண்பது செண்டுக்குக் கொஞ்சம் குறைவு. தீர்வை சில்லறைக் காசு. மேலே உரிமையாளர் பெயர்கள்: ஒன்று, இரண்டு என்று பத்தொன்பது வரை ஓடுகிறது. ‘இதில் யாரெல்லாம் இருக்காங்க?’ என்று கேட்டேன். விரல் வைத்துக்கொண்டே போனார். தாத்தா, உயிரோடு இல்லை. தாத்தாவின் அண்ணன், அவரும் உயிரோடு இல்லை. இவர் பெங்களூர். இவர் யாரென்றே தெரியவில்லை. ஒரே ஆள் இரண்டு எழுத்துக்கூட்டலில் இரண்டு முறை. அந்தப் பட்டியலில் தம்பியின் பெயர் இல்லை, அவருடைய அப்பா பெயரும் இல்லை. ஆனால் அந்தத் தோட்டத்தில் கவாத்துப் போடுவதும் உரம் வைப்பதும் அவர்தான். ஊரில் எல்லோருக்கும் அது இன்னார் தோட்டம் என்று தெரியும். வேலிச் செடி எங்கே முடிகிறது என்று குழந்தைக்கும் தெரியும். பேங்க் மேனேஜருக்கு மட்டும் தெரியாது, அவர் போன மாதம்தான் மாற்றலில் வந்தார்.

பெரு நாட்டுப் பொருளாதார அறிஞர் எர்னாண்டோ டி சோட்டோ 2000இல் எழுதிய ஒரு புத்தகத்தில் ஏழை நாடுகளின் சொத்தை ‘செத்த மூலதனம்’ என்றார். ஏழைகளிடம் வீடும் நிலமும் இருக்கின்றன, அவற்றுக்குத் தாள் இல்லை, அதனால் அவை கடனாகவோ முதலாகவோ மாறுவதில்லை என்பது அவர் வாதம். உலகமே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. பெருவில் 1990களில் நகர்ப்புறக் குடியிருப்புகளுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் பட்டா கொடுத்தார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்தால், தனியார் வங்கிகள் அதை வைத்துப் பெரிதாகக் கடன் கொடுத்துவிடவில்லை. ஆனால் ‘வீட்டை யாராவது பிடித்துக்கொள்வார்கள்’ என்ற பயம் போய், காவலுக்கு வீட்டிலேயே இருந்தவர்கள் வெளியே வேலைக்குப் போனார்கள். நான் இதைச் சொல்வது, தனிப்பட்டா வாங்கியதும் பேங்க் ஓடிவந்து கடன் கொடுக்கும் என்று உங்களுக்கு ஆசை காட்டக் கூடாது என்பதற்காக. பட்டா மட்டும் போதாது, விளைச்சலுக்கு நிச்சயமான வரவும் வேண்டும். வருடம் பூராவும் இந்தத் தொழிற்சாலை இந்தக் கணக்கில் இந்தத் தேதியில் பணம் போடும் என்று ஒரு தாள் இருந்தால், பட்டாவோடு சேர்த்து அதையும் கூட்டுறவு வங்கியில் வைக்கலாம். ஒரு தாளுக்கு இன்னொரு தாள் துணை. இரண்டும் இல்லாதவருக்கு ஏஜெண்ட் துணை.

இந்த மலையில் தாள் இல்லாத உரிமைக்கு என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டாம். 1819இல் மலையேறி வந்த கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன், ஊட்டியில் தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கினார். அவர் செய்த வியாபாரம் எப்படிப்பட்டது என்பது தனிக் கதை. ஆனால் நிலம் தோடர்களுக்கே முழுச் சொந்தம் என்று அவர் கடைசிவரை வாதாடினார். மெட்ராஸ் கவர்னர் லஷிங்டன் மறுத்தார். கிழக்கிந்தியக் கம்பெனி கடைசியில் சல்லிவன் சொன்ன முழு உரிமையை ஏற்கவில்லை, தோடர் குடியிருப்பான ஒவ்வொரு மந்தையும் சுற்றிக் கொஞ்சம் நிலம் ஒதுக்கியதோடு சரி. உங்கள் முன்னோர் பூர்த்தி முறையில் நிலத்தை மாற்றி மாற்றி உழுது, உழுத பங்குக்கு மட்டும் வரி கட்டிவந்தார்கள். 1860களில் அதை ஒழித்தபோது தரிசாக விட்டிருந்த நிலம் பலருக்குக் கைவிட்டுப் போயிற்று. ஊருக்குத் தெரிந்த உரிமை சர்க்காருக்குத் தெரியவில்லை.

கூடலூர்ப் பக்கம் போனால் இன்னும் மோசம். நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்ம (பரம்பரை உரிமை) நிலங்களை ரயத்துவாரியாக (விவசாயிக்கு நேரடிப் பட்டா) மாற்ற 1969இல் சட்டம் வந்தது. எண்பதாயிரம் ஏக்கருக்கு மேல். அதில் 17ஆம் பிரிவில் மாட்டிக்கொண்ட நிலத்துக்கு இன்றுவரை தீர்வு இல்லை. அங்கே தலைமுறையாகக் குடியிருப்பவர் வீட்டுக்கு மின் இணைப்பு வாங்கவே போராட வேண்டியிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டத்தை எதிர்த்த வழக்கில்தான் 2007இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை பற்றிய பெரிய தீர்ப்பைச் சொன்னார்கள். நாட்டின் காடுகளையெல்லாம் ஆள்கிற கோதவர்மன் திருமுல்பாடு வழக்கும் அதே மண்ணிலிருந்து 1995இல் போனதுதான். சட்டக் கல்லூரிகளில் கூடலூர் பாடம். கூடலூர் விவசாயிக்குப் பட்டா இல்லை. உங்களுக்குப் பட்டா இருக்கிறது, பேர்தான் பழசு. அதைச் சரிசெய்யாமல் இருப்பதற்கு எந்த நீதிமன்றமும் குறுக்கே நிற்கவில்லை.

குறுக்கே நிற்பது யார் என்று உங்களுக்கே தெரியும். பாகம் பிரித்தால் தங்கைகளுக்குக் கொடுக்க வேண்டி வரும். என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து எத்தனையோ பேர் குரலைத் தாழ்த்திச் சொன்னது இதுதான்: ‘பொண்ணுங்க பேரைப் போடாம எழுத முடியுமா?’ முடியாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 1989இல் தமிழ்நாட்டுத் திருத்தம், 2005இல் மத்தியத் திருத்தம், 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம். மூன்றும் சேர்ந்து கதவைப் பூட்டிவிட்டன. 2005இல் அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்ற வாதம்கூட இப்போது செல்லாது. மகள் பிறப்பாலேயே பங்காளி. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினைக்கு விதிவிலக்கு உண்டு. பெண்களை விட்டுவிட்டுச் செய்கிற பிரிவினை நாளைக்கு அவர்கள் பிள்ளைகள் காலத்தில் வழக்காக வரும், அப்போது பேங்க்கும் பின்வாங்கும், வாங்க வந்தவரும் ஓடுவார். ஊர் வழக்கம் அப்படி இல்லை என்பீர்கள். இந்த மலையில் உருளைக்கிழங்கில் நூற்புழு கண்டுபிடித்த 1961க்குப் பிறகு பயிரையே மாற்றினோம், வழக்கத்தை மாற்ற முடியாதா?

செலவைப் பற்றிய பயமும் இருக்கிறது, அதில் பாதி வெறும் பேச்சு. குடும்பத்துக்குள் பாகப்பிரிவினைக்கு முத்திரைத் தீர்வை மதிப்பில் நூற்றுக்கு ஒன்று, பங்குக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய் என்று 2023 ஜூலையில் உயர்த்தினார்கள்; அதற்கு முன்பு 25,000. பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பு 4,000த்திலிருந்து 10,000 ஆனது. இவை உச்சவரம்புகள். ஒரு ஏக்கர் இரண்டு ஏக்கர் தோட்டத்துக்கு, வழிகாட்டி மதிப்பைப் பொறுத்து, அதைவிடக் கம்மியாகவே வரலாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, சர்வேயரை வைத்து உட்பிரிவு அளப்பது, இவைதான் அலைச்சல். ஆபீஸ்களில் நடக்க வேண்டியிருக்கும், சில இடங்களில் கேட்காத இடத்திலும் கை நீட்டுவார்கள், மறைக்கவில்லை. அதற்குப் பயந்து போன தலைமுறை விட்டது, அதனால்தான் பத்தொன்பது பேர் ஆனார்கள். இந்தத் தலைமுறையும் விட்டால் நாற்பது ஆவார்கள், பாதிப்பேர் துபாயிலும் கனடாவிலும் இருப்பார்கள்.

ஒப்பந்தத்துக்கு வருகிறேன். தமிழ்நாடு 2019இல் ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஒப்பந்தம் போடும் அன்றே விலை பேசி, அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். தேயிலையோ, ஏலத்தில்தான் விலை தெரிகிற சரக்கு, அதனால் அந்தச் சட்டையை அப்படியே போட முடியாது. நமக்குத் தேவை எளிமையான ஒரு பக்கம். கொழுந்து எந்தத் தொழிற்சாலைக்கு, கழிவு அதிகபட்சம் நூற்றுக்கு எவ்வளவு, முற்றல் இலைக்கு எவ்வளவு பிடித்தம், மாத விலையோடு அவுட்டர்ன் கணக்கையும் தகவல் பலகையில் ஒட்டுவது, பணம் வரவேண்டிய தேதி, தவறினால் வட்டி. பதிலுக்கு நீங்கள்: ஒரு வருடம் வேறு வண்டிக்குப் போட மாட்டோம், இரண்டு இலை ஒரு மொட்டு என்பதைக் காப்போம். தனி ஆளாகப் போய்க் கேட்டால் துரத்துவார்கள். ஒரு ஹட்டியின் மொத்தக் கொழுந்தையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போனால் உட்கார வைத்துப் பேசுவார்கள். தேயிலை வாரியம் சிறு விவசாயிகளுக்கு அடையாள அட்டை கொடுத்திருக்கிறது, சீட்டில் இனிஷியலுக்குப் பதில் அந்த எண்ணைப் போடச் சொல்லுங்கள்.

சண்டை வந்தால் எங்கே போவது என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். சிவில் வழக்கு கடைசி வழி. சட்டப் பணிகள் ஆணைக்குழு நடத்தும் லோக் அதாலத்துக்கு வழக்குப் போடாமலேயே மனுக் கொடுக்கலாம். கோர்ட் கட்டணம் இல்லை, சமரசமாகி உத்தரவு வந்தால் அது தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. பாக்கிப் பணத்துக்கு மூன்று வருடக் கெடு இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். அதைத் தாண்டிய சீட்டுக்கு மதிப்பில்லை.

கொஞ்சம் கசப்பான ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். உங்கள் தோட்டத்தில் பறிப்பவர்கள் யார்? ஒருகாலத்தில் நீங்களே பறித்தீர்கள். பிறகு சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள். இப்போது ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண்கள். அவர்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வாயால் சொல்கிறீர்கள், எடையை நீங்களே எழுதுகிறீர்கள், கழிவையும் நீங்களே பிடிக்கிறீர்கள். ஏஜெண்ட் உங்களுக்குச் செய்வதை நீங்கள் அவர்களுக்குச் செய்கிறீர்கள். தொழிற்சாலையில் தாள் கேட்கப் போகும்போது, நம் தோட்டத்திலும் ஒரு நோட்டு இருந்தால் குரல் கொஞ்சம் தடிக்கும்.

நடைமுறைக்கு வருகிறேன். ஹெத்தையம்மன் பண்டிகைக்குக் கோவை, பெங்களூர், வெளிநாடு என்று போனவர்கள் எல்லோரும் ஹட்டிக்கு வந்துவிடுவார்கள். கூட்டுப்பட்டாவில் பேர் உள்ளவர்கள், அவர்களின் வாரிசுகள் எல்லோருடைய கையெழுத்தும் ஒரே இடத்தில் கிடைக்கிற காலம் அது ஒன்றுதான். அதற்கு முன்பே தாலுக்கா ஆபீஸில் வாரிசுச் சான்றுக்கு மனுப் போட்டுவிடுங்கள், சார்பதிவாளர் ஆபீஸில் டோக்கனை முன்கூட்டியே பதியுங்கள். வரைவு எழுதித் தர என்னிடம் வரலாம், கூலி வேண்டாம். வரும்போது சிட்டா, ஆதார், இறந்தவர்களின் சான்று எல்லாம் இருக்கட்டும். கல்யாணமாகி வேறு ஹட்டிக்குப் போன அக்கா தங்கைகளையும் கூடவே அழைத்து வாருங்கள், அவர்கள் கையெழுத்து இல்லாமல் நான் எழுதுவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் பத்திர எழுத்தர்,
லவ்டேல்.